வலை விடும் நேரம்: கிரிப்டோ வாங்குமுன் காத்திருக்கப் பழகுவது எப்படி?

திருகோணமலைக்கு வடக்கே சல்லிக் கரையில், கரைவலைக் காலத்தில் விடியற்புறம் போய் நின்று பாருங்கள். தோணியில் வலை ஏற்றியாகிவிட்டது. இழுக்க வந்தவர்கள் மணலில் குந்தியிருப்பார்கள். கரைவலையை நடத்தும் மண்டாடி மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்பார். தண்ணீர் எங்கே கருக்கிறது, பறவை எங்கே இறங்குகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதிலேயே அவருடைய கவனம் இருக்கும். ஒரு மணித்தியாலம் போகும். "விடுவமா அண்ணை?" என்று ஒரு பெடியன் கேட்பான். "பொறு தம்பி, இன்னும் வரேல்ல" என்பார். சில நாட்களில் தோணி இறங்காமலே எல்லோரும் வீட்டுக்குப் போவதும் உண்டு. ஒருதரம் வலை விட்டால் அதை இழுத்து முடிக்கப் பல மணித்தியாலம் வேண்டும். வெறும் மடி கரைக்கு வந்தால் அத்தனை பேரின் அன்றைய உழைப்பும் போச்சு.

கைப்பேசியில் பிட்கொயின் வாங்கி விற்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் காணாதது இந்தக் காத்திருப்பைத்தான். கடலைப் பார்க்காமலே ஒரு நாளில் பத்துத் தடவை வலை விடுகிறார்கள். கிரிப்டோ வாங்குங்கள் என்று யாரையும் நான் தூண்டவில்லை. வாங்குவதென்று ஏற்கெனவே முடிவெடுத்தவர், எப்போது வாங்காமல் இருக்க வேண்டும் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இந்த வழிகாட்டி.

முதல் படி: எந்தத் தண்ணீரில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

இலங்கையில் கிரிப்டோ சட்டபூர்வ நாணயம் இல்லை. இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. 2021இல் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த பணிப்புரையின்படி, மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கியின் கடன் அட்டையையோ பற்று அட்டையையோ பயன்படுத்த முடியாது. காசு போடுமுன் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உள்ள புதிய அறிவித்தலைத் தமிழிலேயே வாசித்துவிடுங்கள். விதி மாறியிருக்கக்கூடும்.

வங்கியில் இட்ட காசுக்கு ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. கிரிப்டோவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. உலகின் மிகப்பெரிய கிரிப்டோச் சந்தைகளில் ஒன்றாக இருந்த எப்ரிஎக்ஸ் 2022 நவம்பர் 11ஆம் திகதி வங்குரோத்து மனுப் போட்டது. அங்கே காசு வைத்திருந்தவர்கள் அதில் ஒரு பங்கைக் காணவே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது இதைவிட முக்கியம். நீங்கள் நிற்பது சந்தையிலா, புதிதாகச் சேர்பவர்களின் காசில் ஓடும் பிரமிட்டிலா? 2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று பெயர் குறித்து அறிவித்தவற்றில் ஒன்மெக்ஸ்டிரி, ஸ்போர்ட்ஸ் செயின், எம்ரிஎப்ஈ ஆகியவை இருந்தன. இவற்றில் எம்ரிஎப்ஈ, செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக வியாபாரம் செய்து தினமும் இலாபம் தரும் என்று சொல்லி வட்ஸ்அப் வழியாகப் பரவியது. 2023 ஆகஸ்டில் காசை எடுக்க முடியாமல் போனது. பின்னர் பலருடைய கணக்கில் கடன் இருப்பதாகவே காட்டியது. காசை வெளியே எடுக்க முடியாத ஒரு செயலியில் "பொறுமையாக இருங்கள், வரும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பொறுமை உங்களைக் கொள்ளையிடுவதற்கு. நாளாந்தம் நிச்சய இலாபம், ஆள் சேர்த்தால் தரகு, எடுப்பதற்கு முன் "வரி" கட்டச் சொல்வது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் இந்தக் கட்டுரையின் மற்றப் படிகள் உங்களுக்குத் தேவையில்லை. எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எந்தக் காசு?

சுருக்கமாகச் சொல்கிறேன். அடகு வைத்த நகையின் காசு வேண்டாம். கட்டாரில் இருந்து அண்ணன் வீட்டுச் செலவுக்கு அனுப்பிய காசு வேண்டாம். சீட்டுக் காசு வேண்டாம். திகதி வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு காத்திருக்க விடாது. தவணை வரும் நாளில் விலை எங்கே கிடந்தாலும் விற்க வேண்டிவரும். இரண்டு மூன்று வருடம் தொடாமல் விட்டாலும், முழுதும் போனாலும், வீட்டில் உலை கொதிக்கும் என்ற அளவுக்கே போடுங்கள்.

இரண்டு மூன்று வருடம் என்று ஏன் சொல்கிறேன்? 2021 நவம்பரில் பிட்கொயின் ஏறத்தாழ 69,000 டொலர் வரை போனது. ஒரு வருடம் கழித்து, 2022 நவம்பரில், 16,000 டொலருக்கும் கீழே வந்தது. உச்சியில் வாங்கியவர் டொலர்க் கணக்கில் தன் முதலைத் திரும்பக் கண்டது 2024 மார்ச்சில். இருபத்தெட்டு மாதம்! அந்த இருபத்தெட்டு மாதத்துக்குள் தான் இங்கே எரிபொருள் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது எல்லாம் நடந்தன. உச்சியில் வாங்கி அந்த நேரத்தில் தேவைக்கு விற்றவர்கள் பெரும் நட்டத்தோடே விற்றார்கள்.

மூன்றாம் படி: முப்பது நாள் ஒரு கொப்பி

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுவே முழு விசயமும்.

ஒரு எண்பது பக்கக் கொப்பி எடுங்கள். முப்பது நாளைக்கு ஒரு ரூபாயும் போடாமல், தினமும் ஒரே நேரத்தில், இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம், நான்கு விசயம் எழுதுங்கள். இன்றைய விலை. வாங்க நினைத்தேனா? ஏன் நினைத்தேன்? வாங்கியிருந்தால் எந்த விலையில் தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறியிருப்பேன்? "ஏன் நினைத்தேன்?" என்ற கேள்விக்கு நேர்மையாக எழுத வேண்டும். "ரெலிகிராமில் ஒருவர் சொன்னார்", "நேற்று ஏறிவிட்டது, விட்டுவிட்டேனே என்ற எரிச்சல்", "வேலை இல்லாமல் சும்மா இருந்தேன்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மாத முடிவில் திருப்பி வாசிக்கும்போது, வாங்க நினைத்த நாட்களில் எத்தனைக்குச் சரியான காரணம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். நான் எழுதிய காலத்தில், நள்ளிரவுக்குப் பின் எழுந்த ஆசை ஒன்றுகூடக் காலையில் எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

அடிக்கடி வாங்கி விற்பதன் விலையையும் அதே கொப்பியில் கணக்குப் பாருங்கள். பல பெரிய சந்தைகளில் சாதாரணக் கட்டணம் வாங்க 0.1 வீதம், விற்க 0.1 வீதம். கேட்டால் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். 50,000 ரூபாய் வைத்து ஒரு நாளில் ஐந்து தடவை வாங்கி விற்றால் கட்டணம் மட்டும் 500 ரூபாய். குறைந்துகொண்டே போகும் முதலுக்குக் கணக்குப் பார்த்தாலும் முப்பது நாளில் ஏறத்தாழ 13,000 ரூபாய். விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றாலும் உங்கள் முதலில் கால் பங்குக்கு மேல் கரைந்துவிடும். ரூபாயை, டொலரோடு பெறுமதி கட்டப்பட்ட டெதர் நாணயமாக மாற்றும்போதும் திரும்ப ரூபாயாக்கும்போதும் ஆளுக்கு ஆள் விற்பவர்கள் வைக்கும் விலை இடைவெளி இதற்கு மேலே. அந்த வழியில் யாருடைய மோசடிக் காசாவது உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்தால் கணக்கு முடக்கப்பட்டு விசாரணைக்கும் போக நேரிடலாம்.

நான்காம் படி: மீன் தெரிகிறதா என்பதற்கு உங்கள் அடையாளங்கள்

முப்பது நாள் கழிந்த பிறகு, எப்போது வாங்குவீர்கள் என்பதை வாங்குமுன்னரே எழுதிவைக்க வேண்டும். என்னுடைய அடையாளங்கள் மூன்று. ஒன்று, வார வரைபடத்தில் விலை கடந்த இருபது வாரச் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும், அந்தச் சராசரிக் கோடும் மேல் நோக்கிப் போக வேண்டும். ஐந்து நிமிட வரைபடத்தை நான் திறப்பதே இல்லை. இரண்டு, நான் முன்கூட்டி எழுதிய விலைக்கு அது இறங்கி வர வேண்டும். வராவிட்டால் விட்டுவிடுவேன், பின்னால் ஓடுவதில்லை. மூன்று, வெளியேறும் விலை எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். வருடத்தில் சில தடவைதான் அமையும், அது போதும். இந்த அடையாளங்களும் பிழைக்கும். அதனால்தான் அளவு வேண்டும்.

அளவுக்கு ஒரு உதாரணம். மொத்தம் 1,00,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒரு தடவையில் இழக்கத் தயாரான தொகை அதில் 1 வீதம், அதாவது 1,000 ரூபாய். வாங்கும் விலையிலிருந்து 8 வீதம் கீழே வெளியேறுவது என்று எழுதியிருக்கிறீர்கள். 1,000ஐ 0.08ஆல் வகுத்தால் 12,500. அந்தத் தடவை வாங்க வேண்டியது 12,500 ரூபாய்க்குத்தான், ஒரு இலட்சத்துக்கும் இல்லை. வாங்கும் விலையை லிமிட் ஓடராக (அந்த விலைக்கு வந்தால் மட்டும் வாங்கும் கட்டளை) போட்டு, அது நிறைவேறியதும் வெளியேறும் விலையை ஸ்டொப் லொஸ்ஸாக (அந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் கட்டளை) போட்டுவிட்டுக் கைப்பேசியை மூடுங்கள். பாதி முதல் போனால் பழைய இடத்துக்கு வர 100 வீதம் ஏற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கடல் பொங்கும் நேரம்

கார்த்திகை மார்கழியில் வாடை அடிக்கும்போது நம் கரையில் கரைவலை விடுவதில்லை. வலை பொத்துவார்கள். சந்தைக்கும் இப்படி நேரங்கள் உண்டு, அவற்றை நம் கடிகாரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க மத்திய வங்கி வருடத்தில் எட்டுத் தடவை வட்டி வீதத்தை அறிவிக்கும். நமக்கு அப்போது இரவு 11.30, அவர்களுடைய குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12.30. அமெரிக்கப் பணவீக்கப் புள்ளிவிபரம் நமக்கு மாலை 6 மணிக்கோ 7 மணிக்கோ வரும். அந்த நாட்களில் விலை இரு பக்கமும் பாயக்கூடும் என்பதால் புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள்.

லெவரேஜ் எனப்படும் கடன் வியாபாரத்தை எந்த நேரத்திலும் தொடாதீர்கள். பத்து மடங்கு கடனில் விலை 10 வீதம் எதிராக அசைந்தாலே முதல் முழுதும் போய்விடும். 2020 மார்ச் 12ஆம் திகதி பிட்கொயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2025 அக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி சீனப் பொருட்களுக்கு மேலதிகமாக 100 வீத வரி என்று அறிவித்தபோது, ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 1,900 கோடி டொலர் பெறுமதியான கடன் வியாபாரங்கள் தானாகவே மூடப்பட்டன. அந்த அறிவிப்பு வந்தபோது திருகோணமலையில் சனிக்கிழமை அதிகாலை. கடன் இல்லாமல் பிட்கொயின் வைத்திருந்தவர் காலையில் எழுந்து குறைந்த விலையைப் பார்த்தார். கடனில் வைத்திருந்த பலருக்குப் பார்க்கவே ஒன்றும் மிஞ்சவில்லை.

இரண்டு தடவை தொடர்ந்து நட்டப்பட்டால் இரண்டு வாரம் நிறுத்துங்கள். இழந்ததை அன்றைக்கே பிடிக்கப் போவதுதான் பலரை முழுதாக விழுத்துகிறது.

ஆறாம் படி: வெளியே வருதல்

இலாபம் வந்தால் பாதியை எந்த விலையில் எடுப்பது என்பதையும் முன்னரே எழுதுங்கள். எடுத்ததை ரூபாயாக்கி வங்கிக்குக் கொண்டுவரும் வரை அது இலாபமே இல்லை. டொலர்க் கணக்கையும் ரூபாய்க் கணக்கையும் கொப்பியில் பிரித்து வையுங்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனபோது, டெதரைச் சும்மா வைத்திருந்தவர்களும் தங்களைக் கெட்டிக்கார வியாபாரிகள் என்று நம்பினார்கள். ரூபாய் விழுந்ததே ஒழிய அவர்கள் எதையும் சரியாகக் கணித்திருக்கவில்லை. அந்த நம்பிக்கையோடு பிறகு போட்ட காசுதான் பலருக்குத் திரும்பவில்லை.

இவ்வளவும் வாசித்த பிறகு இன்றைக்கு நீங்கள் செலவழிக்க வேண்டியது ஒரு கொப்பியின் விலை மட்டுமே. இரவு எட்டு மணிக்கு முதல் பக்கத்தில் திகதியையும் விலையையும் எழுதுங்கள், கீழே "வாங்கவில்லை" என்றும் எழுதுங்கள். முப்பதாம் பக்கம் வரும்வரை ஒரு ரூபாயும் போடாதீர்கள்.