சீட்டு கிழித்துக் கொடுத்தவர்கள்

வேப்பம்பட்டு

அன்புள்ள கயலுக்கு,

உன் கட்டுரை வந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் வரலாறு என்று தலைப்புப் போட்டுவிட்டு, பக்கம் பக்கமாகச் சுவரொட்டியையும் விளம்பர வாசகத்தையும் பற்றியே எழுதியிருக்கிறாய். போதாக்குறைக்கு, 'அரசாங்கம் எதற்கு ஓட்டல் நடத்த வேண்டும்?' என்று கடைசியில் ஒரு கேள்வி. அதைப் படித்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

நீ சுற்றுலாத் துறையையும் கழகத்தையும் போட்டுக் குழப்புகிறாய். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே அதிகாரி பொறுப்பில் இருப்பதால் வரும் வினை இது. விளம்பரமும் மாமல்லபுரம் நாட்டிய விழாவும் துறையின் வேலை, செலவு அரசுடையது. கழகம் 1971இல் கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம். சீட்டு விற்று, அறை வாடகை வாங்கிப் பிழைக்க வேண்டும். மத்திய அரசும் கேரளமும் 1966லேயே இப்படிக் கழகம் தொடங்கிவிட்டன. நம்முடையது சுற்றுலாப் பேருந்து விட்டது, ஊர் ஊராக 'ஓட்டல் தமிழ்நாடு' திறந்தது, 1984இல் முட்டுக்காட்டில் படகு விட்டது. கன்னியாகுமரிப் படகையும் இதன் கணக்கில் எழுதியிருக்கிறாய். அது பூம்புகார் கப்பல் கழகத்துடையது, அடித்துவிடு.

அதே 1971இல் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' வெளிவந்தது. காவிரிக் கரையோரப் பயணத்தைச் சொல்லும், எத்தனை முறை படித்தாலும் அலுக்காத புத்தகம். ஆனால் அவர்கள் காரில் போனார்கள். கார் இல்லாதவன் காவிரியை எப்படிப் பார்ப்பான்? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள்தான் என் கணக்கில் சுற்றுலாவை வளர்த்தவர்கள்.

திருப்பதி ஒருநாள் பயணத்தையே எடுத்துக்கொள். விடியுமுன் பேருந்து. சிற்றுண்டி, விரைவு தரிசனச் சீட்டு, மதியச் சாப்பாடு, திருச்சானூர் தாயார், இரவில் வீடு. எல்லாம் ஒரே கட்டணத்தில் முடிந்தது. தெலுங்கு தெரியாத, வரிசையில் நிற்க முடியாத ஒரு பாட்டிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் என்ன இருந்திருக்க முடியும்? எந்தச் சுவரொட்டி அவரை மலையேற்றும்?

இதிலேயே கழகத்தின் பலவீனமும் இருக்கிறது. அந்தப் பயணத்தின் உயிர் தரிசனச் சீட்டு. அதைக் கொடுத்து வந்தது வேறு மாநிலத்துத் தேவஸ்தானம். 2024 நவம்பரில் சுற்றுலாக் கழகங்களுக்கான ஒதுக்கீட்டை ரத்து செய்வதென்று திருப்பதியில் முடிவெடுத்தார்கள். பேருந்து நம்முடையது, ஓட்டுநர் நம்மவர். சரக்கு மட்டும் அடுத்தவர் கையில். வரலாறு எழுதுகிறவள் இதை எழுதாமல் வாசகத்தின் அழகைப் பற்றி எழுதலாமா?

ஓட்டல் நஷ்டத்தில் ஓடினால் தாராளமாகத் திட்டு, நானும் சேர்ந்துகொள்கிறேன். ஏன் தொடங்கினார்கள் என்பது தெரியாமல் திட்டாதே.

ஒரு நாள் காலையில் மின்சார ரயிலேறிப் போய், சென்னை வாலாஜா சாலைச் சுற்றுலா வளாகத்தில் சீட்டு கொடுக்கும் இடத்தில் நில். யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், என்ன பதில் கிடைக்கிறது என்று குறித்துக்கொள். பிறகு கட்டுரையைத் திருப்பி எழுது. சுவரொட்டிக்கு ஒரு பத்தி போதும்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்