“டேர்ன் அப்”: பொருள்களும் ஒத்த கருத்துச் சொற்களும்



ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுடன் அப், டவுன், ஓஃப், அவுட் போன்ற சிறு சொல்லொன்று சேர்ந்து புதுப் பொருள் தருவதுண்டு. இதனைப் பிரேசல் வேர்ப் என்பர். “டேர்ன்” என்றால் திருப்பு. “அப்” என்றால் மேலே. இரண்டையும் கூட்டி “மேலே திருப்பு” என்று எழுதினால் பெரும்பாலான இடங்களில் விடை பிழைத்துவிடும். எனவே முழுத்தொடரையும் ஒரே சொல்லாகக் கருதிப் படியுங்கள்.

1. பொருள்கள்

(அ) வந்து சேர், தலைகாட்டு
ஹீ டேர்ண்ட் அப் லேட். – அவன் பிந்தி வந்து சேர்ந்தான்.
ஒன்லி ஃபைவ் ஸ்டூடன்ட்ஸ் டேர்ண்ட் அப். – ஐந்து மாணவர்கள் மாத்திரமே வந்திருந்தனர்.
இது வெறும் வருகையைக் குறிப்பதன்று. எதிர்பாராமல் வருதல், பிந்தி வருதல், வருவாரோ மாட்டாரோ என்றிருக்க வருதல் ஆகியவற்றுள் ஒன்று பெரும்பாலும் இதில் தொனிக்கும். நமது “தலைகாட்டு” என்னும் சொல் இதற்கு மிக நெருக்கமானது.

(ஆ) தொலைந்தது அகப்படு
மை கீஸ் டேர்ண்ட் அப் அண்டர் த பெட். – எனது திறப்புகள் கட்டிலுக்குக் கீழே அகப்பட்டன.
தேடும்போது கிடைக்காமல் பின்னர் தற்செயலாகக் கிடைக்கும் பொருளுக்கே இது பெரிதும் பொருந்தும்.

(இ) வாய்ப்பு வந்து வாய்த்தல்
எ ஜொப் வில் டேர்ன் அப் சூன். – விரைவில் ஒரு வேலை கிடைக்கும்.
சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1849 – 1850 காலப்பகுதியில் தொடராக வெளியிட்ட “டேவிட் கொப்பர்பீல்ட்” நாவலில் மிகோபர் என்றொரு பாத்திரம் உண்டு. கடன் தொல்லையில் சிறைக்கும் போன இவர், ஏதாவது ஒரு நல்வாய்ப்பு வந்து வாய்க்கும் என்று ஓயாமல் நம்பிக்கொண்டிருப்பார். அந்த நம்பிக்கையை அவர் வெளியிடுவது இத்தொடரினாலேயே. கைப்பொருள் இன்றியும் நம்பிக்கை இழக்காதவரைக் குறிக்க அவரது பெயர் ஆங்கில அகராதிகளிலும் இடம்பெற்றுவிட்டது.

(ஈ) கூட்டு, அதிகரி
டேர்ன் அப் த ரேடியோ. – வானொலியின் சத்தத்தைக் கூட்டு.
சத்தம், வெப்பம் போன்று ஒரு கருவியில் கூட்டிக் குறைக்கக்கூடியவற்றுக்கே இது பொருந்தும். விலையைக் கூட்டினார்கள் என்பதற்கு இதனைப் பயன்படுத்தலாகாது.

இவற்றைவிட, காற்சட்டையின் கீழ் விளிம்பை மடித்தலையும் இத்தொடர் குறிக்கும்.

2. ஒத்த கருத்துச் சொற்கள்

(அ) பொருளுக்கு – அரைவ், அப்பியர், கம், அட்டென்ட், ஷோ அப்
(ஆ) பொருளுக்கு – பீ ஃபவுண்ட், அப்பியர்
(இ) பொருளுக்கு – அரைஸ், ஹப்பன்
(ஈ) பொருளுக்கு – இன்கிரீஸ், ரெய்ஸ்

இப்பட்டியலை மனனம் செய்தால் மாத்திரம் போதாது. வசனத்தில் உள்ள பொருளைப் பார்த்தே சொல்லைத் தெரிய வேண்டும். திறப்பு “அரைவ்” ஆகாது. வானொலி “அப்பியர்” ஆகாது. தரப்பட்ட வசனத்தில் ஒத்த சொல்லை வைத்து வாசித்துப் பாருங்கள். பொருள் மாறாதிருந்தால் விடை சரி.

எதிர்க்கருத்திலும் கவனம் தேவை. சத்தத்தைக் கூட்டுவதற்கு எதிர் “டேர்ன் டவுன்”. ஆனால் வந்து சேர்தலுக்கு அது எதிராகாது. ஒரு அழைப்பை “டேர்ன் டவுன்” செய்தல் என்பது அதனை மறுத்தலாகும். “வரவில்லை” என்பதற்கு “டிட் நொட் டேர்ன் அப்” என்றே எழுதுக.

3. இலக்கணக் குறிப்பு

முதல் மூன்று பொருள்களிலும் இது செயப்படுபொருள் குன்றிய வினை. ஆகவே செயப்பாட்டுவினை வராது. “த கீஸ் வேர் டேர்ண்ட் அப்” என்று எழுதுவது மாணவர் பலர் விடும் பிழை.

நான்காம் பொருளில் செயப்படுபொருள் உண்டு. அது பெயர்ச்சொல்லாயின் இரு இடத்திலும் வரலாம்: டேர்ன் அப் த ரேடியோ, டேர்ன் த ரேடியோ அப். பிரதிப்பெயராயின் நடுவிலேயே வரவேண்டும். “டேர்ன் இட் அப்” சரி. “டேர்ன் அப் இட்” பிழை.

வருகை தந்தோரின் தொகையைக் குறிக்கும் பெயர்ச்சொல் “டேர்ன் அவுட்” என்பதாகும். தேர்தற் செய்திகளில் வாக்களித்தோர் வீதத்தைக் குறிப்பதும் இதுவே.

4. எங்கே எழுதலாம்? எங்கே எழுதக்கூடாது?

முதற்பொருளில் இத்தொடர் பேச்சுவழக்கு நடையினது. நண்பனுக்குக் கடிதம், உரையாடல், கதை ஆகியவற்றில் தாராளமாக எழுதலாம். அதிபருக்கு எழுதும் கடிதம், வேலை விண்ணப்பம், அறிக்கை ஆகியவற்றில் தவிர்க்க வேண்டும்.

இதனை நான் படித்தறிந்தது புத்தகத்தில் அன்று. பட்டம் பெற்ற புதிதில் ஒரு தனியார் நிறுவனத்திற்கு விண்ணப்பம் அனுப்பினேன். ஆங்கிலம் சரளமாகத் தெரியும் என்று காட்ட விரும்பி, எந்த நாளில் அழைத்தாலும் நேர்முகப் பரீட்சைக்கு “டேர்ன் அப்” ஆவேன் என்று எழுதியிருந்தேன். அழைப்பு வரவில்லை. அந்த ஒரு வசனம்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சில ஆண்டுகளின் பின் அதன் பிரதியைக் கண்டபோது வெட்கமாயிருந்தது. “நேர்முகப் பரீட்சைக்குச் சமுகமளிப்பேன்” என்று எழுதவேண்டிய இடத்தில் “தலைகாட்டுவேன்” என்றல்லவா எழுதியிருந்தேன்! இலக்கணம் சரி, எழுத்துக்கூட்டல் சரி, நடைதான் பிழை. அங்கே “அட்டென்ட்” என்ற சொல்லே பொருத்தமானது. நீங்களும் நாளை விண்ணப்பம் எழுதப்போகிறவர்கள். ஆகவே இதனைப் புள்ளிக்காக மாத்திரம் படிக்காதீர்கள்.

5. பயிற்சி

கீழ்வரும் கருத்துகளை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு மிகப் பொருத்தமான சொல்லை அடைப்பிலிருந்து தெரிவுசெய்க.

1. தொலைந்த குடை நேற்று அகப்பட்டது. (டேர்ண்ட் அப் / அரைவ்ட் / அட்டென்டட்)
2. பெற்றோர் கூட்டத்திற்குச் சமுகமளிக்குமாறு அதிபர் கடிதம் அனுப்பினார். (டேர்ன் அப் / அட்டென்ட் / அரைஸ்)
3. சொல்லாமல் கொள்ளாமல் மாமா வீட்டுக்கு வந்து நின்றார். (டேர்ண்ட் டவுன் / டேர்ண்ட் அப் / இன்கிரீஸ்ட்)
4. பஸ் கட்டணத்தைக் கூட்டினார்கள். (டேர்ண்ட் அப் / ரெய்ஸ்ட் / அப்பியர்ட்)
5. சத்தம் கேட்கவில்லை, அதைக் கூட்டு. (டேர்ன் அப் இட் / டேர்ன் இட் அப் / டேர்ன் இட் டவுன்)

விடைகள்: 1. டேர்ண்ட் அப் 2. அட்டென்ட் 3. டேர்ண்ட் அப் 4. ரெய்ஸ்ட் 5. டேர்ன் இட் அப்

இரண்டாம், நான்காம் வினாக்களில் தவறியவர்கள் முறையே பகுதி 4 ஐயும் 1(ஈ) ஐயும் மீண்டும் வாசியுங்கள். பின்னர் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வசனங்கள் சொந்தமாக எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். மிகோபரைப் போலப் புள்ளிகள் தாமாக வந்து வாய்க்கும் என்று காத்திருக்க வேண்டாம்.