அச்சமும் நகையும்: ஒசூர் எல்லைப்புறச் சிறார் வாசிப்பில் யானைப் படக்கதை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விலங்கையும், நகையின் நிலைக்களன்களுள் பேதைமையையும் வைக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடம் சிறார்க்கான விலங்குப் படக்கதை.

அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்து, சென்னைத் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட ‘கஜபதி குலபதி’ இதற்குத் தக்க சான்றாகும். பேருடல் கொண்ட யானைக்குச் சளி பிடித்துத் தும்மல் வருகிறது. உருவின் பெருமையும் நோயின் எளிமையும் முரணுவதால் நகை பிறக்கிறது. குழந்தைக்கு நேரும் துன்பமே யானைக்கும் நேர்வதால் அந்நகை எள்ளலாகாது பரிவாகிறது. தும்மலின் ஒலிக்குறிப்பு, எழுத்தறியாக் குழந்தையையும் கதையில் பங்கேற்கச் செய்கிறது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஒசூர்ப் பகுதிக்கு, இம்மும்மொழிகளிலும் கிடைக்கும் இந்நூல் பொருத்தமானது. எனினும் தளி, தேன்கனிக்கோட்டைச் சிற்றூர்களில் யானை கதைப்பொருள் மட்டுமன்று. கேழ்வரகு விளையும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து வரும் யானைக் கூட்டங்களால் பயிரிழப்பும் உயிரிழப்பும் நேர்கின்றன. அங்குக் குழந்தையின் அச்சம் அனுபவ அறிவு. நகை அதனை அழித்துவிடலாகாது.

ஆகவே, கதை வாசிப்பை அடுத்துக் காட்டுயானையிடமிருந்து விலகியிருத்தல் குறித்த உரையாடலையும் ஆசிரியர் நிகழ்த்துதல் வேண்டும். அப்போது நகை பரிவையும், அச்சம் எச்சரிக்கையையும் வளர்க்கும்.