போனுக்குள் இதயமும் டீச்சரும்!

 

'ஆக்மென்டட் ரியாலிட்டி' கேள்விப்பட்டிருக்கீங்களா? தமிழில் மிகை மெய்ம்மை என்பார்கள். இதற்கான செயலியைத் திறந்து, அதற்குரிய இதயப் படத்தின் மேல் போன் கேமராவைக் காட்டணும். செயலி படத்தை அடையாளம் கண்டு, திரையில் துடிக்கும் இதயத்தை அதன் மேல் நிற்க வைக்கும். போனை நகர்த்தினால் பின்பக்கமும் தெரியும். 2018-ல் வந்த ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடு வேறு. அது இணையத்தில் உள்ள பாடத்தைத் திறக்கும் சாவி.

அடுத்து, மெய்நிகர் ஆசிரியர். நாம் கேட்டால் கணினியே பாடம் சொல்லும். 2023-ல் கான் அகாடமி கொண்டுவந்த 'கான்மிகோ', விடையை நேரே தராமல் நம்மையே கேள்வி கேட்டு யோசிக்க வைக்கும்படி அமைக்கப்பட்டது. நம்ம டீச்சர் கரும்பலகையில் செய்றதும் அதுதானே!

ஆனா சில செயலிகள் முழு விடையையும் கொடுத்துடும். அதைப் பார்த்து எழுதினா வீட்டுப்பாடம் முடியும். பரீட்சை ஹாலில் போன் இருக்காதே! தப்பான விடையையும் அது சரி மாதிரியே சொல்லும்.

அதனால்:

1. முதலில் நீங்களே கணக்கைப் போடுங்க.
2. விடையைக் கேட்காதீங்க, "எந்த வரியில் தப்பு?" என்று கேளுங்க.
3. வந்த பதிலைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்க. சந்தேகம்னா டீச்சரிடம் கேளுங்க.

பல வீட்டில் ஒரே போன்தான். அப்பா வேலைக்குப் போனா அதுவும் கூடவே போயிடும். போன் இருக்கிறவங்க மட்டும் முன்னேறினா அது கல்வியா? வாரம் ஒரு பாடவேளை, பள்ளியிலேயே எல்லோரும் சேர்ந்து பார்க்க ஆசிரியர்கள் ஏற்பாடு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பார்ப்போம்! யோசிப்போம்! படிப்போம்!