விரிசல் கற்பித்த பாடம்

கடைத்தெருவில் தொங்கும் சட்டை ஒன்றின் கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பார்த்தால், அங்கே சிறிய துணிச்சீட்டு ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அதில் விற்கும் நிறுவனத்தின் பெயரும், சட்டை தைக்கப்பட்ட நாட்டின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். நிறுவனம் ஐரோப்பாவில் இருக்கலாம். தையற்கூடம் ஆசியாவில் இருக்கலாம். தைத்த கை யாருடையது என்பதை அச்சீட்டு கூறுவதில்லை.

இவ்வாறு பல நாடுகளில் பரந்து தொழில் நடத்தும் அமைப்புகளைப் பன்னாட்டு நிறுவனங்கள் என்கிறோம். ஆடை வாணிகத்தில் ஈடுபட்டுள்ள பன்னாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. அவை ஆடையின் வடிவத்தை வகுக்கின்றன. விலையையும் முடிக்க வேண்டிய நாளையும் குறிக்கின்றன. தைக்கும் வேலையை வேறு நாட்டு முதலாளி ஒருவரிடம் ஒப்படைக்கின்றன. அம்முதலாளி சில வேளைகளில் அதில் ஒரு பகுதியை இன்னொருவருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். வேலை கைமாறிக் கைமாறிச் செல்லும்பொழுது பொறுப்பும் கைநழுவிப் போகிறது. தொழிலாளரின் உரிமைக்கும் உயிருக்கும், அவர் வாழும் ஊரின் நீருக்கும் நிலத்துக்கும் ஊறு நேர்ந்தால் விடை கூற வேண்டியவர் யார்? இவ்வினாவை உலகத்தின் முன் நிறுத்திய நிகழ்ச்சி ஒன்று வங்காள தேசத்தில் நடந்தது.

அந்நாட்டின் தலைநகராகிய டாக்காவுக்கு அருகே சாவர் என்னும் ஊர் உள்ளது. அங்கே ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. அதன் கீழ்த்தளங்களில் கடைகளும் வங்கிக் கிளை ஒன்றும், மேல்தளங்களில் ஆடைத் தொழிற்சாலைகளும் நடைபெற்று வந்தன. அங்கே தைக்கப்பட்ட ஆடைகள் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குச் சென்றன. தொழிலாளருள் பெரும்பாலோர் இளம் பெண்கள்.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அக்கட்டிடத்தின் சுவர்களிலும் தூண்களிலும் விரிசல்கள் தோன்றின. வந்து பார்த்த பொறியாளர் ஒருவர், கட்டிடம் ஆபத்தான நிலையில் உள்ளது என்று எச்சரித்தார். வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது. கடைகள் மூடப்பட்டன. ஆயினும் மறுநாட் காலையில் ஆடைத் தொழிலாளர் மட்டும் வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். குறித்த நாளில் ஆடைகளைக் கப்பலேற்ற வேண்டுமே என்ற கவலை முதலாளிகளுக்கு. வராவிட்டால் ஊதியம் கிடைக்காதே என்ற அச்சம் தொழிலாளருக்கு. தயங்கித் தயங்கி அவர்கள் படியேறினர்.

காலை ஒன்பது மணி அளவில் மின்சாரம் நின்றது. மேல்மாடிகளில் வைக்கப்பட்டிருந்த மின்னாக்கிப் பொறிகள் இயங்கத் தொடங்கின. அவற்றின் அதிர்வைத் தாங்க மாட்டாமல் கட்டிடம் தளத்தின் மேல் தளமாகச் சரிந்து வீழ்ந்தது. 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர். முதல் நாளே விரிசலைக் கண்ணாரக் கண்டவர்களே மறுநாள் அதன் கீழ் மடிந்தார்கள் என்பது நெஞ்சை உருக்கும் செய்தியாகும்.

அழிவுக்குக் காரணம் பல. கட்டிடத்தின் ஒரு பகுதி, தூர்க்கப்பட்ட குளத்தின் மேல் எழுப்பப்பட்டிருந்தது. மேல்மாடிகள் உரிய இசைவு பெறாமல் கட்டப்பட்டிருந்தன. கடைகளுக்கென்று அமைத்த தளங்களில் எடை மிகுந்த பொறிகள் ஏற்றப்பட்டிருந்தன. கட்டிட உடைமையாளரும் ஆலை முதலாளிகளும் தவறு செய்தனர். கண்காணிக்க வேண்டிய அதிகாரிகள் கண்மூடி இருந்தனர். அப்படியாயின், கடல் கடந்த நாட்டிலிருந்து ஆடை வாங்கிய நிறுவனங்களுக்கு இதில் பங்கு இல்லையா?

அந்நிறுவனங்கள் பலவும் தொழிலாளர் நலம் பற்றிய நன்னெறி விதிகளை முன்னரே எழுதி வைத்திருந்தன. தணிக்கையாளரை அனுப்பித் தொழிற்சாலைகளைச் சோதிப்பதும் வழக்கமாக இருந்தது. ராணா பிளாசாவில் இருந்த ஆலைகளுள் சிலவும் அவ்வாறு சோதிக்கப்பட்டவையே. ஆனால், தணிக்கையாளர் தூண்களின் வலிமையை ஆராயவில்லை. அது அவர்கள் பணியில் அடங்கவில்லை. நிறுவனங்கள் மனித உரிமைகளை மதித்து நடக்க வேண்டும் என்னும் வழிகாட்டு நெறிகளை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் 2011ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. தம் தொழிலால் யாருக்கு என்ன தீங்கு நேரக்கூடும் என்று முன்கூட்டி ஆராய்தல், அதனைத் தடுத்தல், தடுத்த முயற்சி பயன் தந்ததா என்று நோக்குதல், நோக்கியதை வெளிப்படையாகக் கூறுதல், நேர்ந்த தீங்குக்குப் பரிகாரம் தேடுதல் ஆகியவை அந்நெறிகளின் சாரம். நெறிகள் ஏட்டில் இருந்தன; தூண்களைத் தாங்க ஏடு போதவில்லை.

பேரிடருக்குப் பின்னர் ஒரு மாதம் முடிவதற்குள், 2013 மே மாதத்தில், புதியதோர் ஒப்பந்தம் உருவாயிற்று. ஒரு பக்கம் ஆடை வாங்கும் நிறுவனங்கள். மறு பக்கம் உலகளாவிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் வங்காள தேசத் தொழிற்சங்கங்களும். நாளடைவில் 200க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கையொப்பம் இட்டன. அவ்வொப்பந்தம் பழைய வாக்குறுதிகளினின்றும் நான்கு வகையில் வேறுபட்டது. முதலாவது, கட்டிடம், மின்சாரம், தீ ஆகியவற்றின் ஆபத்துகளைத் தனி அதிகாரம் பெற்ற பொறியாளர்கள் சோதித்தனர். அவர்தம் அறிக்கைகள் யாவரும் காண வெளியிடப்பட்டன. இரண்டாவது, குறைகளைச் சீர்செய்யும் பொருள்வசதி ஆலைக்குக் கிடைக்குமாறு செய்தல் வாங்குவோரின் கடமையாயிற்று. சீர்செய்ய மறுக்கும் ஆலையுடன் அவர்கள் வாணிகம் செய்தல் கூடாது. மூன்றாவது, உயிருக்கு ஆபத்து என்று கருதும் இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு உறுதி செய்யப்பட்டது. நான்காவது, சொன்ன சொல் தவறும் நிறுவனத்தை நடுவர் முன் நிறுத்தலாம். நடுவர் தீர்ப்பை நீதிமன்றத்தின் துணையால் நிறைவேற்றலாம்.

இது வெறும் அச்சுறுத்தலாக நின்றுவிடவில்லை. நடுவர் முன் கொண்டு செல்லப்பட்ட நிறுவனம் ஒன்று, ஆலைகளைச் சீர்செய்வதற்காக 23 இலட்சம் டாலர் தர 2018 தொடக்கத்தில் இசைந்தது. ஒப்பந்தத்தின் கீழ் 1,600க்கு மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டன. பூட்டப்பட்ட வாயில்கள் திறந்துவிடப்பட்டன. தீத்தடுப்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. தளர்ந்த தூண்கள் வலுப்படுத்தப்பட்டன. மிக ஆபத்தான கட்டிடங்கள் சிலவற்றிலிருந்து தொழிலாளர் உடனே வெளியேற்றப்பட்டனர். முதற் சோதனையில் கண்ட குறைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 2020ஆம் ஆண்டளவில் களையப்பட்டன. ஆயினும், மாண்டவர் குடும்பங்களுக்கும் காயமுற்றோருக்கும் உரிய மூன்று கோடி டாலர் இழப்பீட்டு நிதி நிறைவுற 2015 ஜூன் வரை ஆயிற்று. காத்தலினும் ஈடு செய்தல் எத்துணை அரிது என்பதற்கு இத்தாமதமே சான்று.

விரிசல் சுவரில் மட்டும் தோன்றுவதில்லை. ஓடும் ஆற்றிலும் தோன்றும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆடை தைத்து அனுப்பும் நம் திருப்பூரில், சாயக் கழிவு பல்லாண்டுகள் நொய்யலாற்றில் கலந்தது. கரையோர உழவரின் கிணறும் நிலமும் கெட்டன. 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சுத்திகரித்த பின்னும் கழிவுநீரை ஆற்றில் விடாமல், அதனையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையின் இன்றியமையாமையை அத்தொழில் பெருவிலை கொடுத்து உணர்ந்தது. அந்நிறங்களை விரும்பிய தொலைநாட்டு வாணிகர், அவற்றால் கெட்ட நீரைக் கண்டதில்லை.

காணாதவரும் காண வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தத் தொடங்கியுள்ளது. பிரான்சு நாடு 2017ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, அந்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் தமக்குப் பொருள் செய்து தருவோரிடத்தும் மனித உரிமை, உடல்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு நேரக்கூடிய தீங்குகளை ஆராய்ந்து, தடுக்கும் திட்டம் வகுத்து வெளியிட வேண்டும். அச்சட்டம் பிறப்பதற்கு ராணா பிளாசாவின் இடிபாடுகளும் ஒரு காரணமாயின.

குறைந்த விலையில் ஆடை பெற விரும்புவது குற்றமன்று. ஆனால், அவ்விலையில் எவருடைய உயிரும் நீரும் அடங்கியிருத்தல் கூடாது. எவ்வளவு பெரிய நிறுவனமாயினும் ஆபத்தை முதலில் காண்பது அதன் தலைமை அலுவலகம் அன்று. சுவரருகே அமர்ந்து தைக்கும் தொழிலாளியே முதலில் காண்கிறாள். அவள் கண்டதைக் கூறவும், கூறிய பின் வேலையிழவாமல் வெளியே வரவும் உரிமை பெற்றிருந்தால், 2013 ஏப்ரல் 24ஆம் நாள் அக்கட்டிடம் வீழ்ந்திருக்கலாம். அதனுள் மனிதர் இருந்திருக்க மாட்டார்கள். வருமுன் காத்தல் என்று நம் முன்னோர் கூறியது இதுவே அன்றோ?