குழந்தையோடு ரோமுக்கா?

நம்பிக்கை: இடிந்த கல்லைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு என்ன புரியப்போகிறது? பெரியவர்களான பிறகு கூட்டிப்போகலாம்.

உண்மை: பிள்ளைகளைச் சலிக்கவைப்பது பெரும்பாலும் நம் விரிவுரைதான். கொலோசியத்தில் நின்றுகொண்டு வெஸ்பாசியன், டைட்டஸ் என்று மன்னர் பட்டியலை ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் ஐஸ்கிரீம் கேட்கும். அதற்குப் பதில், உயரமான வெளிச்சுவர் மிஞ்சியிருக்கும் வடக்குப் பக்கம் போய், வளைவுகளுக்கு மேலே அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ரோமன் எண்கள் தெரியும். கி.பி. 80இல் திறந்த இந்த அரங்குக்கு 80 வாசல்கள். பொதுமக்களுக்கான 76 வாசல்களில் எண் வெட்டியிருந்தார்கள். கிரிக்கெட் மைதானத்தில் நாம் கேட் நம்பர் தேடுவதுபோல அன்றைய ரோமர்களும் தேடினார்கள். இன்று எஞ்சியவை 23 முதல் 54 வரை. 44ஆம் வாசலில் நான்கைப் பாடப்புத்தகம் போல எழுதாமல், நான்கு கோடுகளாகவே செதுக்கியிருக்கும். "தப்பு!" என்று பிள்ளை குதித்தால் குதிக்கட்டும். தப்பில்லை, ரோமர்கள் அப்படியும் எழுதினார்கள் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நம்பிக்கை: சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம்தானே, நேரே போய்விடலாம்.

உண்மை: பாதி சரி. கொலோசியத்திலும் பழைய கோயிலான பாந்தியனிலும் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கொலோசியத்துக்கு, பிள்ளை பெயரிலும் நேரம் குறித்த இலவசச் சீட்டு முன்பதிவு செய்திருக்க வேண்டும். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வத்திக்கான் தனி நாடு. இத்தாலிய அரசின் சலுகை அங்கே செல்லாது.

நம்பிக்கை: தள்ளுவண்டி இருந்தால் போதும், கவலையில்லை.

உண்மை: பழைய ரோமின் தெருக்களில் பாவியிருப்பவை சிறு சிறு கருங்கற்கள். சின்னச் சக்கரங்கள் இடுக்கில் மாட்டும், குழந்தை குலுங்கும். ஸ்பானியப் படிகளில் 135 படி ஏற வேண்டும். களைத்து உட்கார்ந்தால் காவலர் எழுப்பிவிடுவார், 2019 முதல் அங்கே உட்காரத் தடை. கைக்குழந்தை என்றால் மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பையே மேல்.

நம்பிக்கை: தெருக்குழாயில் குடித்தால் வயிறு கெடும்.

உண்மை: 1874 முதல் ரோமின் தெருவோரங்களில் நிற்கும் இரும்புக் குழாய்களில் வருவது குடிநீர்தான். நகரில் இப்படிச் சுமார் 2,500 உண்டு. பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீச்சியடிக்கும். என் கணக்கில், பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய காட்சி ரோமில் இல்லை. மாற்றுச் சட்டை அவசியம்.

நம்பிக்கை: பாந்தியன் கூரையின் நடுவே திறந்த வட்டம் இருந்தாலும் மழை உள்ளே விழாது.

உண்மை: நன்றாகவே விழும். மழை நாளில் நடுவே கயிறு கட்டிவிடுவார்கள். தரையில் நீர் வடியும் துளைகள் உண்டு, தேடச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: இவ்வளவு செலவழித்து வந்தாயிற்று, எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

உண்மை: கொலோசியத்தையும் வத்திக்கானையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். காலையில் ஒரு பெரிய இடம் போதும். மாலையில் வில்லா போர்கீஸ் பூங்காவில் ஓடவிடுங்கள். உணவகங்கள் பலவற்றில் இரவு ஏழரைக்கு முன் அடுப்பு எரியாது. அதற்குள் பசிக்கும் பிள்ளைக்கு, எடைபோட்டு வெட்டித்தரும் பீட்சாக் கடை பக்கத்தில் எங்கே என்று முன்பே பார்த்துவையுங்கள்.