மனநோவும் எழுத்தாளரும்

கேள்வி: மனத்தின் வேதனைகளைப் பற்றி எழுத்தாளரிடம் உரையாடினால், வைத்தியர் சொல்லாத எதையேனும் அவர் சொல்லிவிடப் போகிறாரா?
– ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: சொல்வார். தங்கள் ஊரிலேயே நெடுங்காலம் வசித்து 1985-இல் மறைந்த மௌனி, வைத்தியமல்ல, கணிதம் பயின்றவர்; அவருடைய ‘அழியாச்சுடர்’ கதையில், ஜன்னலருகே அமர்ந்து, இலைகளற்ற மரமொன்றையே நோக்கிக்கொண்டிருக்கும் மனிதன் ஒருவன் வருகிறான். அத்தகையவனைக் காணும் வைத்தியர், இந்நிலை எத்தனை நாளாக, நித்திரையும் ஆகாரமும் எவ்விதம் என்று விசாரிப்பார், அவ்விசாரணை அவசியமே. ஆனால் அந்த மரம் அவன் கண்ணுக்கு என்னவாகத் தோன்றுகிறது என்பதை அவனுக்குள்ளிருந்தே உணர்ந்து உரைக்கும் சக்தி மௌனிக்கு வாய்த்திருந்தது. கடலூரில் பிறந்த ஜெயகாந்தனோ, தாயையும் மகனையும் குறித்து உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டு எழுப்பிய, நம் இல்லங்களில் எவரும் வாய்திறவாத விஷயத்தை ‘ரிஷிமூலம்’ குறுநாவலில் துணிந்து எடுத்து, குற்றவுணர்வால் சிதைந்து பரதேசியாகத் திரியும் இளைஞனை நம்முன் நிறுத்தினார், அவனை வெறுக்க நமக்கு மனம் வருவதில்லை.

ஆகையால் எழுத்தாளரிடம் தாராளமாகப் பேசுங்கள். ஔஷதம் மட்டும் கேட்காதீர்கள். துயரம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, உறக்கமும் பசியும் கெடுமாயின், தாமதியாமல் மனநல மருத்துவரை நாடுங்கள். அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால், நள்ளிரவிலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.